கோப்பை அலமாரிக்கு, ஆள் தெருவுக்கா?

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் விடிகாலை ஐந்து மணிக்கு நின்று பார்த்தால், தூங்கி எழுந்தவர்களும் தூங்கப் போகிறவர்களும் ஒரே டீக்கடையில் நிற்பது தெரியும். முதல் ஷிப்டுக்குக் கிளம்புகிற கூட்டம் ஒரு பக்கம், நைட் ஷிப்ட் முடித்து வருகிற கூட்டம் இன்னொரு பக்கம். 1970-களில் சிப்காட் வந்ததில் இருந்து இந்த ஊர் ஷிப்ட் நேரத்துக்குத்தான் விழிக்கிறது, தூங்குகிறது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று ஆரம்பித்து இன்று செல்போன் பாகங்கள், மின்சார ஸ்கூட்டர் வரை வந்தாகிவிட்டது.

வேலை தேடி வருகிற பையன்களில் பலர் கான்ட்ராக்ட் ஆட்கள். ஒரு ரூமில் ஆறேழு பேர். பகலில் ஒருவன் தூங்கின பாயில் ராத்திரி இன்னொருவன் படுப்பான். கான்ட்ராக்ட் முடிந்தால் சம்பளம் போகும், சம்பளம் போனால் ரூம் போகும். அப்புறம் சில நாள் நண்பனின் ரூம், சில நாள் பஸ் ஸ்டாண்ட், சில நாள் அத்திப்பள்ளி தாண்டி கர்நாடகாவில் கட்டட வேலை நடக்கிற இடத்திலேயே படுக்கை. வீடில்லாமல் போவது இங்கே ஒரே ராத்திரியில் நடப்பதில்லை. படிப்படியாக நடக்கிறது.

அந்தக் கூட்டத்தில் ஒரு பையனை வைத்துப் பார்க்கலாம். உதாரணத்துக்குத்தான், பெயர் வேண்டாம். ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கிராமம். நல்ல கபடி ஆட்டக்காரன். பிளஸ் டூவில் மார்க் குறைவு, ஆனால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் கிடைத்தது. ஹாஸ்டலும் சாப்பாடும் இலவசம். மூன்று வருஷமும் பல்கலைக்கழக அணியில் ஆடினான். காலையிலும் மாலையிலும் பயிற்சி, நடுவில் போட்டி, கேம்ப், ரயில் பயணம். வகுப்புக்குப் போன நாட்களை விரல் விட்டு எண்ணலாம். அதற்கும் அட்டெண்டன்ஸ் போட்டுக் கொடுத்தார்கள். மூன்றாம் வருஷம் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அணியில் வேறு ஆள் வந்தான். கடைசிப் பரீட்சை முடிந்த வாரம் ஹாஸ்டலைக் காலி பண்ணச் சொன்னார்கள். கையில் ஒரு பை நிறைய சான்றிதழ், ஏழு அரியர், மடங்காத ஒரு முழங்கால்.

இவன் கற்பனைதான். ஆனால் கல்லூரி மைதானத்தின் ஓரமாக நடந்து போன யாருக்கும் இவன் புதிய ஆள் இல்லை.

கேள்வி இதுதான். இந்தப் பையன் நாளைக்கு பஸ் ஸ்டாண்டில் படுத்தால், அதில் பல்கலைக்கழகத்துக்கு ஏதாவது பொறுப்பு உண்டா?

உண்டு. தர்மம் என்ற கணக்கில் இல்லை, கடன் என்ற கணக்கில்.

"சீட் கொடுத்தாச்சே, சோறு போட்டாச்சே!"

இந்தப் பேச்சை எடுத்தவுடன் வருகிற முதல் பதில் இது. "அவன் ஆடினான், அவர்கள் படிக்க வைத்தார்கள். கொடுக்கல் வாங்கல் முடிந்தது. இன்னும் என்ன?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. அதனால் இதே வியாபாரக் கணக்கிலேயே பார்க்கலாம். பல்கலைக்கழகம் வாங்கிக்கொண்டது ஆட்டம். அதை அவன் முழுதாகக் கொடுத்தான், முழங்காலையும் சேர்த்து. பதிலுக்குத் தருவதாகச் சொன்னது படிப்பு. அது முழுதாக வந்து சேர்ந்ததா? வகுப்பில் உட்காராதவனுக்கு அட்டெண்டன்ஸ் போட்டுக் கொடுத்ததற்குப் பெயர் சலுகை இல்லை. கொடுக்க வேண்டிய சரக்கைக் கொடுக்காமல் ரசீது மட்டும் கிழித்துக் கொடுத்தது அது. அந்த ரசீதை எடுத்துக்கொண்டு சிப்காட் கேட்டுக்குப் போனால், "ஐடிஐயா, டிப்ளமாவா?" என்றுதான் கேட்பார்கள். அரியரோடு நிற்கிற பி.ஏ.வுக்கு அங்கே விலை இல்லை.

ஆக, கொடுக்கல் முடிந்தது, வாங்கல் முடியவில்லை. பாக்கி வைத்திருப்பது யார் என்று இதற்கு மேலும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. மற்ற மாணவனுக்கு ஹாஸ்டல் என்பது தங்கும் இடம். இப்படிப்பட்ட பையனுக்கும் பெண்ணுக்கும் பல நேரம் அது மட்டும்தான் வீடு. மதுரை சக்கிமங்கலத்து ரேவதியை எல்லாருக்கும் தெரியும். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்பு 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். சின்ன வயதிலேயே அப்பா அம்மா இல்லை, பாட்டிதான் வளர்த்தார். பயிற்சியாளர் கண்ணன் தேடி வந்து, டோக் பெருமாட்டி கல்லூரியில் சீட்டும் ஹாஸ்டலும் கிடைக்க வழி செய்தார். ஒரு கல்லூரி ஒரு கூரையைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு அவரே சாட்சி. பிறகு தெற்கு ரயில்வேயில் வேலையும் கிடைத்தது. நல்லபடியாக முடிந்த கதை. ஆனால் அந்த ரயில்வே வேலை எல்லாருக்கும் கிடைப்பதில்லையே? கூரையைக் கொடுத்தவர்கள் அதை எடுத்துக்கொள்கிற நாளில், அடுத்த கூரை எங்கே என்று கேட்க வேண்டாமா?

மெடலுக்கு மார்க் உண்டு, ஆளுக்கு இல்லை

மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை என்று ஒன்று இருக்கிறது. 1956-57 முதல் கொடுக்கப்படுகிறது. விளையாட்டில் அதிகப் புள்ளி எடுக்கிற பல்கலைக்கழகத்துக்குக் குடியரசுத் தலைவர் கையால் கிடைப்பது. முதல் பரிசுத் தொகை 2020-ல் 10 லட்சத்தில் இருந்து 15 லட்சமானது. அந்தப் புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன? துணைவேந்தர் ஓடியா வந்தன? பத்தொன்பது, இருபது வயசுப் பிள்ளைகளின் காலில் இருந்தும் தோளில் இருந்தும் வந்தவை.

நாக் மதிப்பீடும் அப்படித்தான். பல ஆண்டுகளாக அவர்கள் பயன்படுத்திய அளவுகோல்களில் ஐந்தாவது, மாணவர்களுக்கான ஆதரவும் அவர்களின் முன்னேற்றமும் பற்றியது. மாணவர்கள் வாங்கிய விளையாட்டுப் பரிசுகளை அங்கே எண்ணிக் காட்டலாம். வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர், மேற்படிப்புக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்றும் தனியாகக் காட்டலாம். மெடல் வாங்கிக் கொடுத்த அதே ஆள் ஐந்து வருஷம் கழித்து எங்கே இருக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் பல கல்லூரிகளுக்கு வியர்க்கும்.

அரசாங்கமும் எண்ணுவதில்லை. 2011 சென்சஸ் கணக்குப்படி இந்தியாவில் வீடில்லாதவர்கள் சுமார் 17.7 லட்சம் பேர். அவர்களில் எத்தனை பேர் ஒரு காலத்தில் நெஞ்சில் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டுக்கொண்டு ஆடியவர்கள்? சென்சஸ் படிவத்தில் அந்தக் கேள்வியே இல்லை. எண்ணாத பிரச்சினை இல்லாத பிரச்சினை ஆகிவிடுகிறது. அவ்வளவு சுலபம்!

"அரசாங்கம்தான் பென்ஷன் கொடுக்கிறதே?"

கொடுக்கிறது. யாருக்கு என்று பார்க்க வேண்டும்.

மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டம் ஒலிம்பிக், உலகக் கோப்பை, ஆசியப் போட்டி, காமன்வெல்த் போட்டிகளில் பதக்கம் வாங்கியவர்களுக்கானது. 2018-ல் தொகையை உயர்த்தினார்கள். ஒலிம்பிக் பதக்கத்துக்கு மாதம் 20,000 ரூபாய். நல்ல விஷயம். ஆனால் தென் மண்டல பல்கலைக்கழகப் போட்டியில் கோப்பை வாங்கிக் கொடுத்த கபடி ஆட்டக்காரனுக்கு அதில் இடமில்லை. நலிந்த வீரர்களுக்காக 1982-ல் தொடங்கிய தேசிய நல நிதி ஒன்றும் இருக்கிறது. அதுவும் பெரிய அளவில் சாதித்தவர்களை மனதில் வைத்து உண்டானது.

தமிழக அரசு நலிந்த நிலையில் உள்ள முன்னாள் வீரர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் தருகிறது. விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் வழியாக வருகிறது. ஆனால் 58 வயது ஆகியிருக்க வேண்டும். கல்லூரி ஆட்டம் இருபத்தைந்து வயதுக்குள் முடிந்துவிடுகிறது. இருபத்தைந்துக்கும் ஐம்பத்தெட்டுக்கும் நடுவில் முப்பத்து மூன்று வருஷம். அதுவரை பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கச் சொல்கிறார்களா? அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் வந்திருக்கிறது. அதுவும் பதக்க வரிசையில் மேலே இருப்பவர்களுக்குத்தான் முதலில் எட்டும்.

மேலே இருந்தவர்களின் கதையே எப்படி இருந்தது? மக்கன் சிங் 1964-ல் கல்கத்தாவில் மில்கா சிங்கைத் தோற்கடித்தவர். 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் தங்கமும் வெள்ளியும் வாங்கியவர். ராணுவத்தை விட்டு வந்த பிறகு லாரி ஓட்டினார், ஒரு காலை இழந்தார், 2002-ல் வறுமையில் இறந்தார். ஹாக்கி கோல்கீப்பர் சங்கர் லட்சுமணன் 1956-லும் 1964-லும் ஒலிம்பிக் தங்கம் வென்ற அணிகளில் இருந்தவர். 2006-ல் மவ் நகரில் அவர் இறந்தபோது வைத்தியச் செலவுக்கே கஷ்டம். நாட்டுக்கே தங்கம் கொண்டுவந்தவர்களுக்கு இந்த நிலை என்றால், பல்கலைக்கழகத்துக்கு வெண்கலம் கொண்டுவந்தவன் எங்கே போவான்?

சாந்தியை மேலே தூக்கியது எது?

சாந்தி சௌந்தரராஜனை மறந்திருக்க மாட்டீர்கள். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி. அப்பா அம்மா செங்கல் சூளைத் தொழிலாளர்கள். 2006 டிசம்பரில் தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினச் சோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். உலகமே அவர் உடம்பைப் பற்றிப் பேசியது, அவரிடம் யாரும் பேசவில்லை. அன்றைய முதல்வர் கருணாநிதி 15 லட்சம் ரூபாய் கொடுத்தார். பதக்கம் போன பிறகும் கைவிடாதது பெரிய விஷயம்தான். ஆனால் 2012-ல் செய்தித்தாள்கள் அவரை எங்கே கண்டுபிடித்தன? அதே செங்கல் சூளையில், நாளுக்கு 200 ரூபாய் கூலிக்கு.

சாந்திக்கு நடந்த அநியாயத்தில் குற்றவாளி எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை. அவர் தெருவில் படுத்தவரும் இல்லை. அவர் கதை இங்கே வருவது வேறு காரணத்துக்காக. அவர் சூளையை விட்டு வெளியே வந்தது எப்படி? செய்தி பெரிதான பிறகு பெங்களூரில், ஓசூரில் இருந்து நாற்பது கிலோமீட்டரில், விளையாட்டு ஆணையத்தின் பயிற்சியாளர் படிப்பில் இடம் கிடைத்தது. படித்து முடித்தார். 2016-ல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. இன்று அவர் மற்ற பிள்ளைகளை ஓட வைக்கிறார்.

பரிசுப் பணத்தால் முடியாததை ஒரு படிப்பும், அதன் பிறகு ஒரு வேலையும் செய்தன. யோசித்துப் பாருங்கள். படிப்பு, தங்க ஒரு அறை, ஒரு மைதானம், அங்கே ஒரு வேலை. விழுந்துபோன வீரருக்கு வேண்டியது இவைதான். இவை எல்லாமே ஏற்கனவே எந்த இடத்தில் இருக்கின்றன? பல்கலைக்கழக வளாகத்தில்!

அதனால்தான் "பல்கலைக்கழகம் என்ன அநாதை ஆசிரமமா?" என்ற நக்கல் எடுபடாது. ஆயுசு முழுக்கச் சோறு போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. தன்னிடம் இருப்பதை, தனக்காக ஆடியவனுக்கு, அவன் விழுந்த நேரத்தில் கொடு என்பதுதான் கோரிக்கை.

வீட்டை அடமானம் வைத்த பிரின்சிபால்

இதெல்லாம் வெளிநாட்டுப் பேச்சு என்று நினைப்பவர்கள் கோலாப்பூர் பக்கம் பார்க்கலாம். சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் பிரிவில் முதல் ஒலிம்பிக் பதக்கம் கொண்டுவந்தவர் கே.டி. ஜாதவ். 1952 ஹெல்சிங்கி, மல்யுத்தம், வெண்கலம். அவர் அங்கே போக அரசாங்கத்திடம் பணம் பெயரவில்லை. ஊர் ஊராக வசூல் நடந்தது. அவர் படித்த ராஜாராம் கல்லூரியின் முன்னாள் முதல்வர் கார்டேகர் தன் சொந்த வீட்டை அடமானம் வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார்.

கல்லூரி முதல்வர் தன் பழைய மாணவனுக்காக வீட்டை அடமானம் வைத்த நாடு இது. இன்று கேட்பது யார் வீட்டையும் இல்லை. காலியாகக் கிடக்கிற ஒரு ஹாஸ்டல் அறையை! அதே ஜாதவ் பிற்காலத்தில் போலீஸ் வேலை பார்த்து, ஓய்வுக்குப் பிறகு பென்ஷனுக்கு அலைந்து, 1984-ல் சாலை விபத்தில் இறந்தார். அர்ஜுனா விருது செத்த பிறகுதான் வந்தது. ஜெயித்துக் காட்டும் வரை வீட்டை அடமானம் வைக்கவும் ஆள் உண்டு, ஜெயித்த பிறகு கதவைத் திறக்க ஆள் இல்லை. வியாதி பழையது.

வெளிநாட்டுப் பேச்சையும் ஒரு வார்த்தை பேசிவிடலாம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு பணத்தில் மிதக்கிற வியாபாரம், அதைக் காப்பியடிக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த வியாபாரிகளே ஒன்றை ஒத்துக்கொண்டார்கள். என்.சி.ஏ.ஏ. விதிப்படி 2024 ஆகஸ்ட் முதல், முதல் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டில் பட்ட காயத்துக்கு, மாணவர் வெளியேறிய பிறகும் குறைந்தது இரண்டு வருஷம் மருத்துவச் செலவை ஏற்க வேண்டும். முழு உதவித்தொகையில் ஆடியவர் படிப்பை முடிக்காமல் போயிருந்தால், பத்து வருஷத்துக்குள் திரும்பி வந்து முடிக்கப் பணம் தர வேண்டும். ஆட்டம் முடிந்தாலும் கடன் முடியவில்லை என்பதை அவர்களே எழுதி வைத்துவிட்டார்கள்.

"டாப்பருக்கும் வீடில்லாமல் போனால்?"

இதுவும் கேட்கப்படுகிறது. நன்றாகப் படித்தவனும்தான் நாளைக்குக் கஷ்டப்படலாம், அவனுக்கும் அறை கொடுப்பீர்களா?

வித்தியாசம் இருக்கிறது. டாப்பர் தேடி வந்தது படிப்பு, அது அவனுக்குக் கிடைத்தது. வீரனுக்கு அவன் தேடி வந்தது கிடைக்காமல் போனதற்குக் காரணம், பல்கலைக்கழகமே அவனை வகுப்பில் இருந்து கூப்பிட்டுக்கொண்டு போனதுதான். டாப்பரின் முழங்கால் பல்கலைக்கழகத்துக்காகக் கிழியவில்லை. சம்பளத்துக்கு வேலை செய்கிறவன் மெஷினில் விரலை இழந்தால் நஷ்டஈடு என்று ஒரு சட்டம் 1923-லேயே வந்துவிட்டது. ஓசூரில் பிரஸ் மெஷினில் நிற்கிறவனுக்குத் தெரியும் அது. பல்கலைக்கழகத்துக்காகக் காலை இழந்தவனுக்கு என்ன சட்டம்?

"குடிச்சு அழிஞ்சான், அதுக்கு யார் என்ன பண்றது?" என்கிறவர்களும் உண்டு. சிலர் குடித்திருக்கலாம். பதினெட்டு வயதில் தோளில் தூக்கி ஆடி, இருபத்தொரு வயதில் பெயரை மறந்துபோனால் யாருக்கும் தடுமாறும். கடன்பட்டவன், கடன் கொடுத்தவனின் ஒழுக்கத்தைக் காரணம் காட்டிப் பணத்தைத் தராமல் இருக்க முடியுமா?

செய்ய வேண்டியது பெரிதில்லை

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கலைக் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தோடும், பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தோடும் இணைந்தவை. விளையாட்டுக்கென்றே ஒரு தனிப் பல்கலைக்கழகம் சென்னையில் இருபது வருஷமாக இருக்கிறது. இவை எல்லாமே செய்யக்கூடியவை:

ஒன்று, பெயர்ப் பட்டியல். அணியில் ஆடிய ஒவ்வொருவரையும் பத்து வருஷத்துக்கு, வருஷம் ஒரு முறை போனில் கூப்பிட்டு "எங்கே இருக்கே, எப்படி இருக்கே?" என்று கேட்பது. ஒரு கபடி அணிக்குப் பன்னிரண்டு பேர். போன் பில் யாரையும் திவாலாக்காது.

இரண்டு, படிப்பு. அரியரை முடிக்க, எத்தனை வருஷம் கழித்து வந்தாலும், கட்டணம் இல்லாமல் ஒரு வழி. வகுப்பை எடுத்துக்கொண்டவர்கள் வகுப்பைத் திருப்பித் தரட்டும்.

மூன்று, காயம். பல்கலைக்கழகத்துக்காக ஆடும்போது பட்ட அடிக்கு, வெளியே போன பிறகும் வைத்தியம்.

நான்கு, கூரை. தங்க இடமில்லை என்று வந்து நிற்கிறவருக்கு ஒரு செமஸ்டர் ஹாஸ்டலில் அறையும் மெஸ்ஸில் சாப்பாடும். அந்த ஆறு மாதத்தில் அரியரை எழுதலாம், மைதானத்தில் ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுத்துக் கொஞ்சம் சம்பாதிக்கலாம், வேலை தேடலாம். அவர் நேற்று ஹாஸ்டலில் இருந்தவர்தான், வழி கேட்டு வர வேண்டியதில்லை.

பணம்? மாணவர்களிடம் வருஷா வருஷம் விளையாட்டுக் கட்டணம் வாங்கப்படுகிறது. ஒரு லட்சம் மாணவர்கள் இருக்கிற பல்கலைக்கழகத்தில் தலைக்குப் பத்து ரூபாய் ஒதுக்கினால் பத்து லட்சம். தெருவுக்குப் போகிற நிலையில் இருக்கிற முன்னாள் வீரர்கள் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கப் போவதில்லை. வருகிற சிலருக்கு இது போதும். ஒரு டீயின் விலையில் ஒரு மாணவன் தனக்கு முன்னால் ஆடியவனுக்குக் கூரை போடலாம்.

எந்தக் கல்லூரிக்குப் போனாலும் முதல்வர் அறைக்கு வெளியே ஒரு கண்ணாடி அலமாரி இருக்கும். உள்ளே வரிசையாகக் கோப்பைகள். வாரம் ஒரு முறை அட்டெண்டர் அண்ணன் துடைத்து வைப்பார். பூட்டும் உண்டு. பித்தளைக்கு ஒரு கூரை, ஒரு பூட்டு, துடைக்க ஒரு ஆள்.

அதை ஜெயித்துக் கொடுத்தவனுக்கு ஓசூர் பஸ் ஸ்டாண்ட் பெஞ்சு போதும் என்று நினைக்கிற பல்கலைக்கழகம், அந்த அலமாரியை முதலில் காலி பண்ணட்டும். இல்லையென்றால் ஹாஸ்டல் கதவைத் திறக்கட்டும்.